வேப்பிலை வைத்த கோணர் சீற்

கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் ஒரு பெண்பிள்ளை என்னை மறித்தாள். வேலை முடிந்து, கால் இரண்டும் வீங்கி, வெள்ளவத்தைக்குப் போகிற ரயிலில் எந்தப் பெட்டியில் இடித்துக்கொண்டு ஏறலாம் என்று பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அது. நாட்டிலேயே சனம் கூடுதலாக ஏறி இறங்குகிற ஸ்டேசன்களில் யார் யார், எங்கே, எதற்காகப் போகிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டாள். வேலை, படிப்பு, வைத்தியம், வேறு. நான் வேலை என்றேன். நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். ரயில் வந்தது. வழக்கம்போல இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணத்துக்கு வடக்கே மல்லாகம் ஸ்டேசனில் யாராவது இப்படி ஒரு கணக்கு எடுத்திருந்தால், பாவம், அந்த மனிசனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். ஏனென்றால் அந்த நாளில் மல்லாகத்தில் கொழும்பு ரயில் ஏறியவர்களில் பாதிப் பேருக்குக் கொழும்பில் ஒரு அலுவலும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் இறங்கி வீட்டுக்குப் போகிற ஆட்கள். ரிக்கற் எடுத்து, தலை வாரி, சப்பாத்துப் போட்டு அவர்கள் ஏறியது சீற் பிடிப்பதற்கு. அந்தப் பெண்பிள்ளையின் கணக்கில் அவர்களையெல்லாம் 'வேறு' என்பதற்குள் அடைத்திருக்க வேண்டும்.

கொழும்பு ரயில் காங்கேசன்துறையில் புறப்படும். தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று நின்று நின்று யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும்போது இருக்க இடம் இராது. ஆனால் பெருங்கூட்டம் ஏறுவது யாழ்ப்பாணத்தில்தான். மானிப்பாய், கோப்பாய், சண்டிலிப்பாய் என்று ரயில் போகாத ஊர்ச் சனமெல்லாம் பஸ்ஸில் வந்து அங்கேதான் ஏறும். ஒருவர் பயணம் போனால் வழியனுப்ப வீடே திரண்டு வரும். அதனால் காங்கேசன்துறைப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் இருப்பது பெரிய ஆஸ்தி. அவர் முன்னமே ஏறி, ஜன்னலோரம் இருக்கிற கோணர் சீற்றில் குந்திக்கொண்டு வந்து, யாழ்ப்பாணத்தில் பயணக்காரர் ஏறியதும் எழும்பி இடத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போவார். இதைக் களவு என்று யாரும் சொன்னதில்லை. உதவி என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு அந்த ஆஸ்தி மல்லாகத்து மாமா. அம்மாவின் தமையன். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்றே மானிப்பாய்க்கு வந்து என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சீற் பிடிப்பதில் மாமா விண்ணன். ரயில் நிற்கிறதுக்கு முன்னமே ஜன்னலால் குடையை எறிவார். குடை விழுந்த இடம் மாமாவுடைய இடம். அதற்குமேல் யாரும் வாய் திறக்க ஏலாது. என்னையே இரண்டொரு தடவை ஜன்னலால் தூக்கி உள்ளே போட்டிருக்கிறார். சொந்தத்துக்குள் யார் கொழும்புக்குப் போனாலும் முதலில் மாமாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் சூட்கேசில் உடுப்பு அடுக்குவார்கள்.

அப்படிப் போய் வருகிறவர்களில் அப்பா முக்கியமானவர். கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழரைத் தேடித் தேடி அடித்த ஆடிக் கலவரத்தில் அகதி முகாமில் இருந்து, கப்பலில் ஏற்றப்பட்டு, போட்டிருந்த உடுப்போடு காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அங்கே என்ன கண்டார் என்று அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. கேட்க வேண்டாம் என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். முன்பெல்லாம் லீவில் வரும்போது எனக்குச் சிங்களத்தில் எண்ணச் சொல்லித் தருவார். எக்காய், தெக்காய் என்று நான் வளவு முழுக்கக் கத்திக்கொண்டு திரிவேன். கப்பலில் வந்த பிறகு ஒருநாள் அப்படிக் கத்தினேன். அப்பா சாப்பாட்டை விட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

அவரோடு கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பிப் போனார்கள். அப்பாவுக்கு முதலில் இடுப்புப் பிடித்தது. பிறகு கோயில் திருவிழா வந்தது. பிறகு தைப்பொங்கல். பிறகு பொங்கல் முடிந்த உடனே போவது சரியில்லை என்று ஆனது. கடைசியில் கந்தோரும் பொறுமை இழந்து தவணை சொல்லிவிட்டது. சித்திரை வருஷப்பிறப்புக் கழிந்து வருகிற திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையும் இல்லை, பென்சனும் இல்லை.

மாமாவுக்கு அரசாங்க உத்தியோகம் என்றால் கடவுளுக்கு அடுத்தது. அதைப் பார்த்துத்தான் தங்கச்சியையே கட்டிக் கொடுத்தவர். கிழமைக்கு ஒருக்கால் சைக்கிளில் வந்து விறாந்தையில் இருந்து அப்பாவுக்குப் புத்தி சொல்லுவார். எல்லாரும் போகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை, பயப்பட என்ன இருக்கிறது, பயந்துகொண்டு வீட்டில் இருக்கிற ஆம்பிளையை ஊர் என்ன சொல்லும் என்று கேட்பார். அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லுவார். அம்மா வாயே திறக்கமாட்டாள். போங்கோ என்று சொன்னால் அனுப்பி வைத்தவள் ஆவாள். போகவேண்டாம் என்று சொன்னால் உத்தியோகத்தைக் கெடுத்தவள் ஆவாள். நான் மட்டும் அவர் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். போனால்தானே திரும்பி வரும்போது பிஸ்கற் ரின் வரும்.

கலவரத்துக்குப் பிறகு ரயிலில் கூட்டம் இன்னும் மோசம். வெளிநாடு போக என்று பாஸ்போட் எடுக்கப் போகிற பெடியள், வீட்டுச் சாமான் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கப் போகிற ஆட்கள், அப்பா மாதிரிக் கையெழுத்து வைக்கப் போகிறவர்கள் என்று சனம் அள்ளுப்பட்டது. சிலர் இன்னும் கெட்டிக்காரர்களாகி, ரயில் கொழும்பிலிருந்து வரும்போதே யாழ்ப்பாணத்தில் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போய், அதே இடத்தில் இருந்தபடியே திரும்பி வரத் தொடங்கினார்கள். மாமாவின் குடைக்கு மதிப்புப் போய்விட்டது. அந்தச் சித்திரை லீவுக்கும் நான் மாமா வீட்டில்தான் நின்றேன். பயணத்துக்கு முதல் நாள் ஸ்டேசனில் போய் நின்று பார்த்துவிட்டு வந்த மாமா இரவு வெகுநேரம் முற்றத்தில் உலாவிக்கொண்டிருந்தார். அப்பாவை நின்றுகொண்டு போகவிட்டால் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடுவார் என்பது மாமாவின் பயம். இருக்க இடம் கிடைத்தால், இருந்த மனிசன் எழும்பமாட்டார். கொழும்பு வந்து சேர்ந்துவிடும்.

பயணத்தன்று காலை மாமா பின்வளவு வேம்பில் ஒரு கொப்பு முறித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் பக்கத்தில் கொப்புளிப்பான், சின்னமுத்து போன்றவை வந்தால் வருத்தம், நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்று அம்மனைச் சொல்லுவார்கள். வெள்ளைத் துணியில் படுக்கவைத்துத் தலைமாட்டில் வேப்பிலை வைத்துவிட்டால் அந்தப் படுக்கைக்குக் கிட்ட ஒருவரும் போகார். பாதி பயம், பாதி பக்தி. வீட்டில் ஒருவருக்கு அம்மாள் வந்திருந்தால் மற்றவர்கள் பயணம் போகவும் மாட்டார்கள். விசயம் விளங்கியதும் மாமி பதறிப்போனாள். அம்மாளோடு விளையாடக்கூடாது, இல்லாத வருத்தத்தைப் பிள்ளையின் உடம்பில் சாட்டக்கூடாது என்று மாமாவின் பின்னாலேயே திரிந்தாள்.

"நான் என்ன பொய்யா சொல்லப்போறன்? வேப்பிலை குளிர்ச்சி. அதைப் பிள்ளைக்குப் பக்கத்திலை வைக்கிறன். அவ்வளவுதான்," என்றார் மாமா.

உண்மையிலேயே மாமா அன்று முழுக்க ஒரு பொய்யும் சொல்லவில்லை. என்னை வெள்ளைத் துணியால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வேப்பிலைக் கொப்போடு மல்லாகத்தில் ஏறினார். ஏறி, சும்மா நின்றார். கண்ணை முழுக்க மூடாதே, சிரிக்காதே, இடைக்கிடை முனகு என்று எனக்குச் சொல்லியிருந்தார். வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. கோணர் சீற்றில் இருந்த ஒரு பெடியன் என்னைப் பார்த்தான், வேப்பிலையைப் பார்த்தான், தன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலடிக்குப் போய்விட்டான். அவனுக்குப் பக்கத்தில் பனங்கட்டிக் குட்டான்களோடு இருந்த ஒரு மனுசி "தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எதிர்ச் சீற்றில் போய் நெருக்கிக்கொண்டு இருந்தாள். மூன்றாவதாக இருந்தவர் எப்போது எழும்பினார் என்றே எனக்குத் தெரியாது. கண் வெட்டுகிற நேரத்தில் மூன்று பேர் இருந்த வாங்கு முழுக்க வெறிச்சென்று ஆகிவிட்டது. மாமா என்னை அதில் நீட்டிப் படுக்கவைத்து, தலைமாட்டில் வேப்பிலையை வைத்தார்.

வாசல் கம்பியில் சனம் தொங்குகிறது. நான் மூன்று பேரின் இடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன். எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. முனகுவதும் எனக்கு நன்றாக வந்தது. அளவுக்கு மிஞ்சிப் போனபோது மாமா துணிக்கு மேலால் காலில் கிள்ளினார். எதிரில் இருந்த மனுசி, இந்த நிலைமையில் பிள்ளையை எங்கே கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடுவோம் என்றார் மாமா. அதுவும் உண்மைதான். அந்த மனுசி கோண்டாவிலில் இருந்து கொக்குவில் தாண்டும் வரை தன் சேலைத் தலைப்பால் எட்ட நின்று எனக்கு விசிறிக்கொண்டு வந்தாள். அதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

யாழ்ப்பாண ஸ்டேசனில் ரயில் நின்றதும் மாமா குடையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். அப்பா ஏறி வந்தார். ஏறி வந்தார் என்று சொல்வதைவிட, பின்னால் வந்த சனம் அவரைத் தள்ளிக் கொண்டுவந்து உள்ளே விட்டது என்று சொல்லவேண்டும். வெள்ளைச் சேட்டும் கறுப்புக் களுசானும் போட்டிருந்தார். முகம் வழித்த இடத்தில் ஒரு வெட்டு. ஒரு கையில் சூட்கேஸ், மற்றக் கையில் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பார்சல்.

மாமா கண்ணால் மட்டும் சிரித்தார். குரலைத் தாழ்த்தி, கோணர் சீற், கெதியாய் இருங்கள், நான் பிள்ளையைத் தூக்குகிறேன் என்றார். அப்பா இருக்கவில்லை. வேப்பிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு கண்ணைத் திறந்து, எங்கள் கெட்டித்தனத்தைப் பார் என்று அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சூட்கேசைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து என் நெற்றியில் கையை வைத்தார். அவருடைய கை வியர்த்துக் குளிர்ந்துபோய் இருந்தது. நடுங்கிக்கொண்டும் இருந்தது.

"பிள்ளைக்குக் காயுது," என்றார்.

பெட்டி முழுக்கக் கேட்கும்படி உரத்துச் சொன்னார். அப்பா உரத்துக் கதைத்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமா மெல்ல, மச்சான், மச்சான் என்று அப்பாவின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.

"இல்லை மச்சான், நான் போகேல்லை. அம்மாள் வந்த பிள்ளையை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

மாமா வாயைத் திறந்தார். சுற்றிவரப் பார்த்தார். வாசலடியில் அந்தப் பெடியன். எதிரில் அந்த மனுசி. இருந்த இடத்தை விட்டு எழும்பி, கும்பிட்டபடி நிற்கிற அத்தனை சனம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சும்மா படுக்கவைத்தேன் என்று சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள். மாமா வாயை மூடிக்கொண்டார். எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. தான் வெட்டின குழியில் மாமாவே விழுந்துவிட்டார் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

"ஓம் தம்பி, பிள்ளையை வீட்டை கொண்டு போங்கோ. உத்தியோகம் எங்கை ஓடுது?" என்று எதிரில் இருந்த மனுசி சொன்னாள். நாலைந்து பேர் அதை ஆமோதித்தார்கள். வாசலடிப் பெடியன் அப்பாவின் சூட்கேசைத் தானே தூக்கி ஜன்னலால் வெளியே கொடுத்தான். அப்பா என்னைத் துணியோடு வாரித் தூக்கினார். எள் விழ இடமில்லாத கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அப்பா உண்மையாகவே நம்பிவிட்டார், என்னால் அவருடைய பயணம் கெடப்போகிறது, பிஸ்கற் ரின்னும் போகப்போகிறது. அவருடைய காதுக்குள், அப்பா, எனக்கு ஒன்றுமில்லை, மாமாதான் படுக்கச் சொன்னவர் என்றேன்.

"ஓம் குஞ்சு. கண்ணை மூடு," என்றார் அப்பா.

பிளாட்பாரத்தில் அம்மா நின்றாள். மாமாவின் வேலை அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. வெள்ளைத் துணியோடு என்னைக் கண்டதும் ஐயோ என்று ஓடி வந்து என் கழுத்துக்குக் கீழே புறங்கையை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். என் உடம்பு சுடவில்லை என்று அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பின்னால் இறங்கி வந்த மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தை, கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள். இப்போது அடி விழப்போகிறது, முதலில் மாமாவுக்கா எனக்கா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தன் சேலைத் தலைப்பை இழுத்து என் முகத்தை மூடினாள்.

"அண்ணை, ஒரு காரைப் பிடியுங்கோ. அம்மாள் வந்த பிள்ளையைப் பஸ்ஸிலை கொண்டு போகேலாது," என்றாள்.

மாமா கார் பிடிக்கப் போனார். ரயில் புறப்பட்டது. சேலைத் தலைப்பின் இடுக்கால் நான் எங்கள் ஜன்னலைத் தேடிப் பார்த்தேன். படிகளில் தொங்குகிறார்கள், இரண்டு பெட்டிக்கு நடுவில் நிற்கிறார்கள், அந்த வாங்கில் மட்டும் ஒருவரும் இருக்கவில்லை. வேப்பிலையைத் தொட்டு எடுக்க யாருக்குத் துணிவு வரும்? ரயில் போய் முடிந்த பிறகும் அப்பா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சூட்கேசின் மேல் இருந்தார். கார் வந்து நின்று மாமா இரண்டு தரம் கூப்பிட்ட பிறகும் அவரால் எழும்ப முடியவில்லை. அந்த ரயில் ஒரு கரைச்சலும் இல்லாமல் கொழும்பு போய்ச் சேர்ந்தது என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தும் விளையாட்டு முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். அம்மா வாசல் படலையில் வேப்பிலை கட்டினாள். என்னை அறைக்குள் படுக்கவைத்தாள். வீட்டில் மீன் காய்ச்சவில்லை, கறி தாளிக்கவில்லை. அயலட்டைப் பிள்ளைகளைப் படலையோடு திருப்பி அனுப்பினாள். கந்தோருக்குத் தந்தி போனது. ஒரு கிழமைக்குமேல் என்னை வெளியில் விடாமல் வைத்திருந்து, பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் கிணற்றடியில் வெயிலில் வைத்துச் சூடாக்கி முறைப்படி வார்த்தாள். எனக்கு ஒன்றுமில்லை அம்மா என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். சத்தம் போடாதை என்று மட்டும் சொல்லுவாள். கடைசி நாட்களில் எனக்கே உடம்பு கடித்து அரிக்கத் தொடங்கிவிட்டது.

தந்தி உதவவில்லை. வேலை போய்விட்டது. அப்பா மானிப்பாயில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கப் போனார். மாமா வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் அம்மாவோடும் என்னோடும் கதைத்துவிட்டுப் போய்விடுவார். ரயில் இடைக்கிடை நின்று, திரும்ப ஓடி, மறுபடி நின்றது. சொந்தக்காரர் எல்லாரும் வழமைபோல மாமாவுக்குச் சொல்லி அனுப்பிப் போய் வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை.

பழி முழுக்க என் தலையில் விழுந்தது. கலியாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும் யாராவது ஒரு பெரியம்மா முறையானவள் என்னைப் பிடித்து நிறுத்துவாள். உவளுக்குக் கொப்புளிப்பான் வந்தபடியால்தான் தேப்பன் அருமந்த உத்தியோகத்தை விட்டவர் என்று பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லுவாள். அவள் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தழும்புகூட இல்லை, அம்மாளின் அருள் என்று வியப்பாள். எனக்கு நெஞ்சு பற்றி எரியும். வராத வருத்தத்துக்கு நான் எத்தனை வருஷம் பேச்சு வாங்குவது? அப்பா பக்கத்தில் நின்றால் நிலத்தைப் பார்ப்பார். அம்மா, ஓம், அது சரியான கடும் வருத்தம், பிள்ளை தப்பினதே பெரிய காரியம் என்று இன்னும் இரண்டு சொல்லுச் சேர்த்துச் சொல்லுவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் நான் அழுதுகொண்டே, ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். என்ன பொய், உனக்கு அம்மாள் வந்தது, அப்பா நின்றுவிட்டார், அவ்வளவுதான் என்றாள்.

அம்மாவுக்கு அம்மன் கோயில் பங்குனித் திங்கள் தப்பாது. எல்லாரும் பொங்கி முடித்து வேம்படி நிழலில் ஒதுங்கிய பிறகு இவள் தனியாக அடியழிக்கத் தொடங்குவாள். அடிக்கு ஒரு தரம் சுடுமணலில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, மறுபடி விழுந்து கோயிலைச் சுற்றி வரவேண்டும். முழங்கால் இரண்டும் தோல் உரிந்து, நெற்றியெல்லாம் மண்ணாக வந்து இருப்பாள். மகளுக்கு வருத்தம் மாறினதற்கு நேர்த்தி என்று சனம் சொல்லும். நான் பக்கத்தில் செம்புத் தண்ணீரோடு நிற்பேன். ஒன்றும் இல்லாத வருத்தத்துக்கு இது என்ன நேர்த்தி என்று எரிச்சலாக இருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியதும் ரயில் ஒரேயடியாக நின்றது. இந்த முறை திரும்ப ஓடாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பங்கர் கட்டத் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளைக் கிளப்புகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு மாமா ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்தார். இந்த முறை அம்மாவைத் தேடிக் குசினிப் பக்கம் வராமல் அப்பாவுக்கு எதிரே விறாந்தைக் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு போகக் குசினி வாசலில் நின்றேன்.

"மச்சான், அண்டைக்கு எனக்குப் பயமாயிருந்தது. வேறை ஒண்டுமில்லை. பயம்," என்றார் அப்பா.

"தெரியும். உங்கடை கையைப் பாத்தனான். எனக்குக் கோவம் இருந்தது, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எனக்குத் தெரியும்," என்றார் மாமா.

அவ்வளவுதான் கதைத்தார்கள். பிறகு பேச்சு மண்ணெண்ணெய் விலைக்குப் போய்விட்டது. எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுக்கு இந்த நாலு சொல்லைச் சபையில் சொல்லியிருக்கக் கூடாதா? அதை மாமாவிடம், அதுவும் குரலைத் தாழ்த்தியா சொல்லவேண்டும்? இதை அம்மாவிடம் கேட்கத் திரும்பினேன். அடுப்படியில் நின்றவள் கேத்திலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வெறும் நிலத்தில் இருந்துவிட்டாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். தேத்தண்ணியை நீயே ஊற்று என்றாள்.

அடுத்த பங்குனித் திங்களுக்குக் கோயிலுக்குப் போனோம். பொங்கினோம், படைத்தோம். நான் வழக்கம்போலச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா எழும்பவில்லை. மற்றப் பெண்களோடு வேம்படி நிழலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். அடியழிக்கவில்லையா என்று கேட்டேன்.

"முடிஞ்சுது," என்றாள்.

அம்மாளுக்குப் பயந்தவள், அம்மாளின் பேரிலேயே ஒரு பொய்யைப் புருஷனுக்காக வருஷக்கணக்காகத் தாங்கி, வருஷத்துக்கு ஒருநாள் சுடுமணலில் விழுந்து அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதும், அவர் தன் வாயால் உண்மையைச் சொன்ன பின்னேரமே அந்தப் பாரத்தை இறக்கிவிட்டாள் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை. நேர்த்திக்கு இத்தனை வருஷம் என்று ஏதோ கணக்கு இருக்குமாக்கும், நல்லது, இனி எனக்கும் இந்த வெயிலுக்குள் செம்போடு நிற்கிற வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.